பத்து எண்ணும் வரை

ஜனவரி 5, திங்கள்

ரெஹானா மேடம்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன என் வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். "தினமும் சார் என்ன சொல் பேசினாங்கன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க இசக்கியம்மா. சும்மா சத்தமா இருந்தாலும் எழுதுங்க" என்றார்.

"இவ்வளவு பெரிய நோட்டு எதுக்கு மேடம்? நல்லா இருக்கும்போதே இவுக வருசத்துக்கு ரெண்டு பக்கம்தான் பேசுவாக" என்றேன். மேடம் சிரித்துவிட்டார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். எதையாவது கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டுமாம். நடுவில் நானே பதிலைச் சொல்லக் கூடாதாம். என்னிடம் போய் வாயை மூடச் சொல்கிறார். பரமசிவன் பெண்டாட்டி வாயை மூடினாள் என்றால் சங்கரன்கோவிலில் கடையடைப்புதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம்.

பேசிய சொல்: ம்.

ஜனவரி 6, செவ்வாய்

பேசிய சொல்: தண்ணி. (டம்ளரைக் காட்டி நான் முதலில் சொன்னேன். கணக்கில் சேருமா தெரியவில்லை.)

ஜனவரி 9, வெள்ளி

கோவில்பட்டியிலிருந்து செண்பகம் மைனி வந்தார்கள். இவருடைய அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தாயாக வளர்த்தவர்கள். அதனால் அவர்கள் வாய்க்கு முன்னால் மட்டும் என் வாய் கொஞ்சம் அடங்கும்.

"ஏட்டி இசக்கி, தீவாளிக்கு விழுந்தவன். மூணு மாசமாச்சு. நீ ஆஸ்டல் சமையலுக்கும் போகாம இவன் காலடியிலயே கெடக்க. எத்தன நாளைக்கி ஓடும்? நான் தம்பியக் கூட்டிட்டுப் போறேன். நீ வேலைக்குப் போ. ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்க."

நியாயமான பேச்சுதான். விடுதிச் சமையலுக்குக் காலை நாலரைக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வர முடியும். அதுவரை இவர் தனியாக இருக்க முடியாது.

"பங்குனி உத்திரம் வரைக்கும் டயம் குடுங்க மைனி. வீட்டுல இருந்தே ஒரு பொழப்பு பாத்துக்கிடுதேன். முடியலன்னா சாஸ்தா கோயிலுக்கு வாற கார்லயே கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன்.

"என்ன பொழப்பு?"

"அதத்தான் உத்திரத்துக்குள்ள கண்டுபிடிக்கணும்."

மைனி தலையில் அடித்துக்கொண்டார்கள். இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜனவரி 14, புதன்

பிழைப்பு கிடைத்தது! வாய்க்கொழுப்பில் கிடைத்தது.

எதிர்த்த தெருவில் நயினார் தம்பி பிளக்ஸ் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்கு அடித்த பிளக்ஸ்களைக் காயப் போட்டிருந்தான். ஐந்து பேர் படம், ஐந்து கட்சி, வாசகம் மட்டும் ஒன்றே. "ஏல நயினாரு, ஒரே சாம்பார ஊத்தி அஞ்சு எலைக்கும் பந்தி வச்சிட்டியே" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "எழுத ஆள் எங்கக்கா இருக்கு? போன்ல ஏஐகிட்ட சொன்னா எழுதித் தருது. ஆனா அதுகிட்ட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல. உங்களுக்கு வாய் இருக்கு, வீட்டுல நேரமிருக்கு. ஒரு பிளக்ஸுக்கு இவ்வளவுன்னு தந்துருதேன், செய்யுதிகளா?"

போனில் அந்த ஏஐயை இறக்கிக் கொடுத்தான். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போதும், தட்டத் தெரிய வேண்டாம். எழுதியதைத் திரும்ப வாசித்தும் காட்டுகிறது.

எதைக் கேட்டாலும் "நிச்சயமாக!" என்றுதான் ஆரம்பிக்கிறது. இருபத்தாறு வருடத்தில் நான் கேட்ட எதற்கும் இவர் ஒருமுறை அப்படிச் சொன்னதில்லை. இவரிடம் அதையும் சொன்னேன். வாய் ஒரு ஓரமாகக் கோணியது. சிரிப்பா, வலியா?

பேசிய சொல்: போ. (எனக்குத்தான்.)

ஜனவரி 22, வியாழன்

ஒன்பது பிளக்ஸ் எழுதியாகிவிட்டது. காதுகுத்து மூன்று, புதுக் கடை இரண்டு, சடங்கு நான்கு. அரிசி உலையில் இருக்கும்போது ஒன்று, இவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது ஒன்று.

ஏஐயின் தமிழ் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு பல் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. கோழிக்கடைத் திறப்புக்கு "உவகையுடன் அழைக்கிறோம்" என்றது. "ஏய்யா, கோழிக்கு என்ன உவகை?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு எழுதித் தந்தது. கோபமே வராத ஆள். ஆனால் ற, ர எல்லாம் பிழையில்லாமல் போடுகிறது. அதில் நான் பூஜ்ஜியம்.

எழுதியதை இவருக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். "எப்படி?" என்று கேட்டுவிட்டு "சூப்பர்னு சொல்லுதிகளா, சரி" என்று நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன். பத்து எண்ண நேரம் ஏது மேடம்? நயினார் வாசலில் நிற்கிறான்.

பிப்ரவரி 5, வியாழன்

பெரிய வேலை. ரைஸ்மில் பொன்னுப்பாண்டி முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலுக்குப் பிள்ளைகள் சார்பில் இருபதடி பிளக்ஸ்.

போனை வைத்துக்கொண்டு சொன்னேன்: "பெயர் பொன்னுப்பாண்டி, வயது அறுபது, நல்ல மனிதர், பிள்ளைகள் அப்பாவைப் பற்றிச் சொல்வது போல உருக்கமாக எழுது. படிக்கிறவர்கள் கண் கலங்க வேண்டும்."

எழுதிவிட்டது. கடைசி வரி: "தந்தையே, உங்கள் சிரிப்பும் உங்கள் குரலும் எங்கள் நெஞ்சில் என்றும் வாழும்."

கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன். நயினார், "அருமைக்கா" என்று பதில் போட்டான்.

பேசிய சொல்: இல்லை. அதாவது, இன்று ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் நயினார் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா, மண்டபத்துல அடிக்க வாறாவ. உசுரோட மாலையும் கழுத்துமா உக்காந்திருக்க மனுசனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சு வச்சிருக்கோம்!"

"எங்கன அப்படி இருக்கு? எல்லாம் நல்ல வார்த்தைதானே?"

"'குரல் நெஞ்சில் என்றும் வாழும்'னு செத்தவுகளுக்குத்தானக்கா போடுவோம்! படத்தச் சுத்தி மாலைய ரோஜாவுல போட்டதால தப்பிச்சோம். ஒரு கெழவி வாசல்லயே ஒப்பாரிக்குக் குந்திட்டா."

சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அறுபதாம் கல்யாணம் என்ற சொல்லையே நான் ஏஐயிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர், அறுபது வயது, கண் கலங்க வேண்டும் என்றால் அது வேறு என்னத்தை நினைக்கும்? அது தெரியாமல் எழுதியது. நான் மூன்று தடவை கேட்டேனே. எனக்கு ஏன் தெரியவில்லை?

நயினார் இனிமேல் வேலை தர மாட்டானாம். பாவம், அவன் கடையின் பெயர் என்ன ஆகும்.

பிப்ரவரி 9, திங்கள்

பக்கத்து வீட்டு மாரியக்காவை இவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ரைஸ்மில்லுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

முதலாளி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீதானா அந்த எழுத்தாளர்? உக்காரு. நான் செத்தா என் புள்ளைக என்ன போடும்னு நேத்தே படிச்சிட்டேன். அறுபது வருசத்துல எவனுக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பன?"

"மொதலாளி, தெரியாம..."

"கோவமில்லம்மா. ஒண்ணு மட்டும் கேக்கேன். எழுதுததுக்கு முன்ன என்னயப் பத்தி எங்கிட்டயோ, எம் புள்ளைக கிட்டயோ ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"செத்தவனப் பத்தித்தான் கேக்காம எழுதலாம். அவன் வந்து மறுத்துப் பேச மாட்டாம்லா. உசுரோட இருக்கவன்னா அவன்கிட்டல்லா கேக்கணும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில்.

"சரி, இப்ப கேக்கேன்" என்றேன். "ரைஸ்மில் மொதலாளி எதுக்குக் கேப்பக்கூழு குடிக்கிய?"

"சுகரு. ஊருக்கே அரிசி அரைச்சுக் குடுக்கேன். எனக்கு ஒரு கைப்பிடி சோத்துக்குப் பெண்டாட்டிகிட்ட மனு போடணும்."

வீட்டுக்கு நடந்து வரும்போதே வரி வந்துவிட்டது. போனிடம் சொன்னேன், "நீ ஒண்ணும் எழுதாத. நான் சொல்லுதத பிழையில்லாம எடுத்துக்க, போதும்." நிச்சயமாக என்றது.

"ஊருக்கே அரிசி அரைத்துக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் கூழ் குடிக்கும் எங்கள் அப்பாவுக்கு அறுபது! அரைக்க வருகிறவர்கள் வீட்டுக்குப் போய் அவருக்கும் சேர்த்து ஒரு கவளம் சாப்பிடுங்கள்."

என் கைக்காசில் சின்னதாக அடித்து மில் வாசலில் கட்டச் சொல்லி நயினாருக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இவரைக் குளிப்பாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தீபாவளியிலிருந்து இவரிடம் நான் எவ்வளவு பேசியிருப்பேன்! தெருக்கதை, மைனி கதை, பிளக்ஸ் கதை. கேட்டது எத்தனை? கேட்டதற்கெல்லாம் நானேதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"இன்னைக்கி ரசமா, புளிக்கொழம்பா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்கே மூச்சு முட்டியது. இவர் கண் என் வாயையே பார்க்கிறது, நான் சொல்லிவிடுவேன் என்று. ஏழு. எட்டு. உதடு குவிந்தது.

"பு..."

மீதியை நான் சொல்லவில்லை மேடம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேசிய சொல்: பு. (புளிக்குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.)

பிப்ரவரி 20, வெள்ளி

கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாளாகியும் முதலாளி அந்தச் சின்ன பிளக்ஸை மில் வாசலில் இன்னும் கட்டியிருக்கிறார். அரைக்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துப் போகிறார்களாம். மாட்டுத்தீவனக் கடைக்காரர் ஒருவர் நேராக வீட்டுக்கே வந்து எழுதக் கேட்டார். பிறகு ஒரு டீச்சர். நயினாரும் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, பழையபடி..." என்றான். "நிச்சயமாக!" என்றேன்.

இப்போது முதலில் கேள்வி, அப்புறம்தான் எழுத்து. அந்த ஆள் எதற்குச் சிரிப்பார், எதற்குத் திட்டுவார், சட்டைப்பையில் எப்போதும் என்ன இருக்கும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணுகிறேன். எல்லாரும் முதலில் "நல்ல மனுசங்க" என்றுதான் சொல்கிறார்கள். ஆறு, ஏழு எண்ணும்போதுதான் உண்மை வருகிறது.

பேசிய சொல்: பு, தண்ணி, ச்சே.

மார்ச் 3, செவ்வாய்

ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்தார். இவர் ஓட்டிய மினி பஸ்ஸில் பதினெட்டு வருடம் கண்டக்டர். விழுந்தன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவரும் அவர்தான். அதற்கப்புறம் இன்றுதான் வருகிறார். இவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லையாம்.

அவர் மகள் கனகலட்சுமிக்குக் கல்யாணம். "மினி பஸ் நண்பர்கள் சார்புல ஒரு பிளக்ஸு, தங்கச்சி. நீதான் எழுதணும்."

"உங்களப் பத்தி நான் ஏன் எழுதணும்? இவுகதான் சொல்லணும்" என்று இவர் பக்கம் திரும்பினேன். "டிரைவர் சார், அண்ணாச்சியப் பத்தி என்ன எழுத?"

எண்ணினேன். அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி அடக்கினேன். ஒன்பது. இவர் இடது கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார். டப், டப்.

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "போலாம் ரைட்!" என்று கத்தினார். வண்டியைக் கிளப்பச் சொல்லிப் பக்கத் தகட்டில் அவர் தட்டுகிற தட்டு அது. உடனே விளையாட்டாக, "ஹோல்டான், ஹோல்டான்! பாட்டி ஒண்ணு ஓடி வருது!" என்றார். நிறுத்தச் சொல்கிற சத்தம். பதினெட்டு வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை இவர் காதில் விழுந்தது.

இவருடைய இடது கால் தரையை அழுத்தியது. நான் பார்த்தேன்.

"கிளச்சு" என்றார் அண்ணாச்சி. அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிரேக் வலது காலாம். அது இன்னும் வரவில்லை.

மார்ச் 4, புதன்

எழுதியது: "பதினெட்டு வருடம் ஊரையே ஏற்றி இறக்கிய எங்கள் கண்டக்டர் இன்று மகளை ஏற்றி அனுப்புகிறார். கனகு, போலாம் ரைட்! இப்படிக்கு டிரைவர் பரமசிவன்."

பிழை பார்க்க ஏஐயிடம் கொடுத்தால், "போலாம் ரைட்" என்பதை அடித்துவிட்டு "செல்லலாம், சரி" என்று திருத்திக் கொடுத்தது. இவருக்கு வாசித்துக் காட்டினேன். "கனகு, செல்லலாம், சரி!"

சிரித்தார் மேடம். வாய்விட்டு, சத்தமாக, எச்சில் தெறிக்கச் சிரித்தார். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவை. சிரிப்பை எந்தக் கணக்கில் எழுத வேண்டும்? நீங்கள் சொல்லவில்லை. இங்கேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று மூன்று வேலை. அதில் ஒன்று உண்மையான கண்ணீர் அஞ்சலி. டெய்லர் ஒருவர். அவர் மனைவியிடம் கேட்டுவிட்டு எண்ணினேன். பத்து தாண்டி இருபது வரை எண்ணினேன். "வாயில ஊசியக் கவ்விக்கிட்டே பேசுவாக. ஒண்ணும் வெளங்காது. எனக்கு மட்டும் வெளங்கும்" என்றது அந்தப் பெண்.

அதை அப்படியே எழுதினேன். அந்த ரைஸ்மில் பிளக்ஸை ஏன் மூன்று தடவை கேட்டேன் என்று இப்போது தெரிகிறது. அதில் 'உங்கள் குரல்' என்று இருந்தது. மேலே எழுத விருப்பமில்லை.

மேடம், இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மார்ச் 29, ஞாயிறு

மைனி போன். உத்திரம் முடிந்த மறுநாள் காரோடு வருகிறார்கள். என்ன வருமானம் என்று கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னேன். விடுதியில் வாங்கியதில் முக்கால்வாசி வருகிறது. மருந்துக்கு இன்னும் துண்டு விழுகிறது.

"முக்கால்வாசிக்கு முக்கால்வாசி மாத்திரையாட்டி குடுப்ப?" என்றார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். பையை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பத்து மணிக்குக் கார் வந்தது. வாடகைக் கார், டிரைவர் புது ஆள். மைனி சாஸ்தா கோயில் விபூதியை இவர் நெற்றியில் பூசினார்கள். நான்கு வேட்டி, மாத்திரை டப்பா, எண்ணெய் பாட்டில் எல்லாம் பையில் இருக்கின்றன. இந்த நோட்டையும் வைத்தேன். இனி எழுத வேண்டியது மைனிதானே.

"ஏட்டி, நீ ஒரு கொறையும் வைக்கல. எந் தம்பி முகத்துல தெளிச்சி தெரியுது. ஆனா ஒத்த ஆளா எத்தன நாளு நிப்ப? உன்னயும்தான் நான் பாக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

இரண்டு பேருமாகத் தாங்கி வாசல்வரை கூட்டி வந்தோம். கார்க் கதவு திறந்திருந்தது. இவர் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். மைனி குனிந்து கேட்டார்கள், "எய்யா, கெளம்புவமா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆறு மாதமாக இவருக்கு வாய் நான்தானே. "கிளம்பச் சொல்லுதாவ" என்றும் சொல்லலாம். "வரமாட்டேங்காவ" என்றும் சொல்லலாம். இரண்டுமே நாக்கு நுனியில் இருந்தன.

நோட்டு இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. மைனி, "என்னட்டி பேச மாட்டேங்க?" என்றார்கள். நான்கு. ஐந்து. மாரியக்கா அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஏழு. சரி என்றுதான் அர்த்தம் என நினைத்து அந்த டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். எட்டு.

ஒன்பது எண்ணவில்லை.

"ஓல்டான்."

கோணலாகத்தான் வந்தது. காற்று பாதி, சத்தம் பாதி. டிரைவருக்கு விளங்கிவிட்டது. பஸ் ஏறி இறங்காத டிரைவர் உண்டா? என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்னட்டி சொல்லுதான்? என்ன சொல்லுதான்?" மைனி என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுதாவ மைனி."

மைனி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவரும் பார்வையைத் திருப்பவில்லை. அப்புறம் மைனி என் கையிலிருந்த பையை வாங்கி, கார் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளே போனார்கள். "டிரைவர் தம்பிக்கும் சேத்து காப்பி போடுட்டி. துண்டு விழுகததுக்கு நான் இருக்கேன்லா, முதல்லயே எங்கிட்ட கேக்கத் தெரியாதா உனக்கு? ஊருக்கெல்லாம் எழுதுத வாயி" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

இவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, "ஏங்க, அண்ணாச்சி 'ஹோல்டான்'னு ஹகரத்தோட சொல்லுவாக. உங்களுக்கு எங்க போச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எண்ணவில்லை. இவர் சிரித்துவிட்டார்.

பேசிய சொல்: ஹோல்டான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை மேடம். அர்த்தம் தெரிந்தேதான் சொன்னார்.